நானும் இருந்தேன்

அணைச்சுடாதீங்க சார். பாப்பா பாக்கட்டும். அந்தச் சத்தம் எனக்குத் தொந்தரவு இல்ல. சொல்லப் போனா அது என்னோட சத்தம்தான்.

நிஜமாத்தான் சொல்றேன். இப்ப ஒருத்தன் பேசினானே, நீளமா கோட்டு போட்டுக்கிட்டு, இடுப்புல ரெண்டு துப்பாக்கியோட, "பின்னாடி வா நவோ, முன்னாடி நான் போறேன்"னு. இப்ப நான் சொல்றதைக் கேளுங்க. பின்னாடி வா நவோ, முன்னாடி நான் போறேன். பாத்தீங்களா, பாப்பா எப்படித் திரும்பிப் பாக்குதுன்னு. ஆமாடா கண்ணு. முராசே மாமா நான்தான்.

பேரு தணிகாசலம். டப்பிங் ஆர்ட்டிஸ்ட். முப்பது வருஷமா மைக் முன்னாடி நிக்கிறேன், வெளியில என் மூஞ்சி ஒருத்தருக்கும் தெரியாது. அதுல ஒரு சௌகரியம், இப்படி பஸ்ல நிம்மதியா வரலாம். நீங்க எதுவரைக்கும்? சிதம்பரமா. நான் அடுத்து, சீர்காழி. என் பொண்ணு அங்க இருக்கா. கூட்டிட்டு வரப் போறேன்.

கட்டிக்கொடுத்த ஊர்னு நெனைச்சீங்களா? இல்ல இல்ல. சொல்றேன். நேரம் இருக்கு, இப்பதானே மரக்காணமே வருது. அந்தப் பக்கம் பாருங்க, உப்பளம். அந்தக் கதையில வர்ற ஊரும் இப்படித்தான் இருக்கும், வெள்ளை வெளேர்னு, ஒரு மரம் இல்லாம.

கதை தெரியுமா உங்களுக்கு? பிள்ளை பாக்குது, நீங்க எங்க பாக்கப் போறீங்க. ஜப்பான்காரன் எடுத்தது. கார்ட்டூன்னு சொன்னா என் பொண்ணு கோச்சுப்பா, அனிமேன்னு சொல்லணும். தமிழ்ல 'புழுதி நகரத்து நவோ'ன்னு பேரு வச்சாங்க. நவோ சின்னப் பையன். அவன் அப்பா கிணறு வெட்டுறவர். ஒரு சுரங்கக் கம்பெனி ஊர்த் தண்ணியை வளைச்சுப் போடுது, இவர் எதிர்த்து நிக்கிறார், யாரோ ஒருத்தன் தூரத்துலேர்ந்து சுட்டுடுறான். யாருன்னு தெரியாது. பையன் அவனைத் தேடிக் கிளம்புறான். வழியில இந்த முராசே வந்து சேர்ந்துக்கிறான். குறி தப்பாதவன். பையனுக்குச் சோறு போடுறான், குதிரையில ஏத்திக்கிறான், பையனைத் தொட வந்தவனையெல்லாம் சாய்க்கிறான். ஆனா துப்பாக்கியை எடுக்கும்போதெல்லாம் பையனைப் பாக்க மாட்டான். தூங்க மாட்டான். என்னடா இவன்னு இருக்கும். கடைசியில பாத்தா, அந்த அப்பாவைச் சுட்டதே இவன்தான். கம்பெனி சொல்லிச் சுட்டிருக்கான். அதை மனசுல வச்சுக்கிட்டே பையனோட ஊர் ஊரா அலையிறான்.

உஸ், பாப்பா காதுல விழுந்துடப் போகுது. பாப்பா, நவோ அப்பாவை யாரும்மா சுட்டாங்க? பாருங்க, தெரியலைங்குது. முழுக் கதையும் எத்தனையோ தடவை பாத்தாச்சுன்னு நீங்களே சொல்றீங்க, ஆனா தெரியலைங்குது. தமிழ்ல பாத்த எந்தப் பிள்ளைக்கும் தெரியாது சார். அதுக்கு ஒரு காரணம் இருக்கு. வரேன் அதுக்கு.

எனக்கு அந்த முராசேவை ஆரம்பத்துலேர்ந்தே ஆகாது. ஒண்ணு, செஞ்சதைச் சொல்லிட்டுப் போ. இல்ல, சொல்லாம தூரமாப் போ. ரெண்டும் இல்லாம பையன் பின்னாடியே சுத்தி, அவனுக்கு நல்லது பண்ணி, கணக்கை நேர் பண்ணிடலாம்னு பாக்குறது என்ன புத்தி? எத்தனையோ வில்லனுக்குப் பேசியிருக்கேன். அவனுங்க நேர்மையானவனுங்க. கெட்டவன்னா கெட்டவன். இவனை மாதிரி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு விடுற ஆளு எனக்கு ஒத்தே வராது. ஆனா பாருங்க, நான் பேசினதுலயே பேர் வாங்கிக் கொடுத்தது அவன்தான்.

எங்களுக்கு முழுக் கதையும் முன்னாடியே தெரியாது. வாரா வாரம் ஸ்கிரிப்ட் வரும். பாதிக்கு மேல போனதும், ஸ்கிரிப்ட்டோட வந்த ஒரு குறிப்புலதான் இவன்தான் சுட்டான்னு எங்களுக்குத் தெரிஞ்சுது, படத்துல அது கடைசியிலதான் வரும். எனக்குக் கோபம் வந்துடுச்சு. முதல்லயே சொல்லியிருந்தா வேற மாதிரி பேசியிருப்பேனேன்னு கத்தினேன். தமயந்தி சிரிச்சா. "வேணாம்ணே. நல்லவன்னு நெனைச்சுக்கிட்டே பேசினீங்க பாருங்க, அதனாலதான் அப்படியே பொருந்துச்சு"ன்னா.

தமயந்தி யாருன்னு சொல்லல இல்ல. நவோவுக்குப் பேசினது அவதான். பையன் குரலுக்கெல்லாம் எங்க தொழில்ல பொம்பளைங்கதான். நிஜப் பையனைக் கூட்டிட்டு வந்தா பாதிக் கதையில குரல் உடைஞ்சு போயிடும். தமயந்திக்கு நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா பத்து வயசுப் பையன் நிப்பான். புருஷன் சரியில்ல, விட்டுட்டு வந்தவ. சாலிகிராமத்துல எங்க தெருவுக்கு அடுத்த தெரு. என் வீட்டுக்காரி தவறினப்ப என் பொண்ணு கோதை மூணாவதோ நாலாவதோ படிச்சுக்கிட்டிருந்தா. ஸ்கூல் விட்டதும் நேரா ஸ்டுடியோவுக்குத்தான் வருவா. தமயந்திதான் டிபன் கொண்டு வருவா, தலை பின்னி விடுவா. கோதைக்கு அவ அத்தை. ரத்த சொந்தம் இல்ல, ஆனா அத்தைதான். தொழிலும் அவகிட்டதான் கத்துக்கிட்டா. மூச்சு எங்கேர்ந்து எடுக்கணும், அழும்போது வார்த்தை எப்படி உடையணும், எல்லாம். நவோ குரலை வீட்டுல அப்படியே பேசிக் காட்டுவா. எனக்கே ஒரு நிமிஷம் யார் பேசுறதுன்னு தெரியாது.

இல்ல, பொய் சொல்லக் கூடாது. எனக்குத் தெரியும். என் காது அப்படி சார். ஸ்டுடியோவுல லூர்துன்னு ஒரு இன்ஜினியர். யாரோ வளையலைக் கழட்டாம மைக் முன்னாடி நின்னா அவன் மெஷின்ல கண்டுபிடிக்கிறதுக்குள்ள நான் காதுல கண்டுபிடிச்சுடுவேன். எங்க வழக்கமே அதுதான், உள்ள போறதுக்கு முன்னாடி வளையல், வாட்ச், கொலுசு எல்லாத்தையும் கழட்டி வச்சுட்டுப் போகணும். யார் வயிறு கத்துதுன்னுகூட நான் சொல்லிடுவேன். தமயந்தி கிண்டல் பண்ணுவா, "அண்ணன் முன்னாடி பட்டினி கிடக்கவும் முடியாது"ம்பா.

நவோ நல்லாப் போயிக்கிட்டிருக்கும்போதுதான் அவளுக்குத் தொண்டையில ஆச்சு. குரல் நாண்ல ஒரு கட்டி. கெட்ட கட்டி இல்ல. வெட்டி எடுத்துடலாம், ஆனா அதுக்கப்புறம் கொஞ்ச வாரம் வாயே திறக்கக் கூடாதுன்னுட்டார் டாக்டர். ரகசியம் பேசுற மாதிரிகூடப் பேசக் கூடாது. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டது நான்தான் சார். அண்ணன்னு போட்டேன். அவ கூடப் பிறந்தவர் சீர்காழியிலேர்ந்து வந்து சேர ஒரு நாள் ஆச்சு. டாக்டர் என்கிட்டதான் சொன்னார், "அவசரப்படாம இருந்தா பழைய குரல் முழுசா வந்துடும்"னு.

ஆஸ்பத்திரியில அவ பேச முடியாம தவிச்சதைப் பாத்து நான்தான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். டம்ளர்ல விரலால தட்டணும். ஒரு தட்டுன்னா ஆமா. ரெண்டு தட்டுன்னா இல்ல. அவ்வளவுதான். காபி வேணுமா? டொக். வலிக்குதா? டொக் டொக். வீட்டுக்கு வந்த பிறகும் தினமும் நான் போன் பண்ணுவேன். அவ போன் முதுகுல தட்டுவா. நான் பாட்டுக்கு ஸ்டுடியோ கதையெல்லாம் சொல்லுவேன். லூர்து புதுச் சட்டை போட்டு வந்தான், நம்புறியா? டொக் டொக். சிரிக்கிறியா என்ன? டொக். அரைமணி நேரம்கூடப் பேசுவோம் சார், அவ ஒரு வார்த்தை பேசாம. அந்தத் தட்டுலயே அவ கோபமா இருக்காளா, தூக்கமா இருக்காளான்னு எனக்குத் தெரிஞ்சுடும்.

இப்படி இருக்கும்போது மேனேஜர் கூப்பிட்டார். பதிவு பண்ணி வச்ச எபிசோடெல்லாம் தீரப் போகுது, சேனல்காரன் நெருக்குறான், தமயந்தி மேடத்துக்குக் குரல் திரும்பி வருமா வராதா, உங்களுக்குத்தானே தெரியும்னார்.

நான் என்ன சொல்ல முடியும் சார்? "சொல்ல முடியாது"ன்னேன். டாக்டர் சொன்னதுதான் இருக்கேன்னு கேப்பீங்க. டாக்டருங்க எல்லாருக்கும் அப்படித்தானே சொல்லுவாங்க. நான் உள்ளதைச் சொன்னேன். அப்புறம் அவரே கேட்டார், அதே குரல்ல பேச வேற யாராவது இருக்காங்களான்னு. வெளியிலேர்ந்து எவளையாவது கொண்டு வந்து நிறுத்தினா தமயந்திக்கு மனசு எவ்வளவு கஷ்டப்படும்? நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கட்டும்னுதான் கோதை பேரைச் சொன்னேன். அதுவும் அவளுக்கு ரெண்டு வருஷமா கூட்டத்துல கத்துற வேலைதான். கல்யாண வீட்டுச் சத்தம், சந்தைச் சத்தம். ஒரு அப்பன் எவ்வளவு நாள் பாத்துக்கிட்டு நிப்பான்?

எங்க தொழில்ல ஒரு வழக்கம் இருக்கு. ஒருத்தர் பேசின பாத்திரத்தை இன்னொருத்தர் பேசணும்னா, முன்னாடி பேசினவங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் மைக் முன்னாடி நிப்போம். சங்கத்துச் சட்டத்துல எழுதியில்ல. ஆனா செய்வோம். குப்புராஜ் அண்ணன் பக்கவாதத்துல விழுந்தப்ப அவர் பேசிக்கிட்டிருந்த வில்லன் எனக்கு வந்துச்சு. பழத்தட்டோட அவர் வீட்டுக்குப் போனேன். அவரால பேச முடியல. என் கையைப் பிடிச்சு ஒரு அழுத்து அழுத்தினார். அப்புறம்தான் போய்ப் பேசினேன். கேக்காமப் பேசினா அந்தக் குரல் ஒட்டாதுன்னு எங்க ஆளுங்களுக்கு ஒரு பயம்.

கோதை அதுல உறுதியா நின்னா. "அத்தை சரின்னு சொன்னாத்தான்"ன்னுட்டா. சொந்தப் பொண்ணு, அப்பன் சொல்லு பத்தாதாம். சரின்னு நான் பால்கனிக்குப் போய் போன் போட்டேன். கோதை உள்ள கதவு கிட்ட நின்னா.

"தமயந்தி, கம்பெனி ரொம்ப அவசரப்படுது. நவோவைக் கொஞ்ச நாளைக்குக் கோதை பேசட்டுமா?"ன்னு கேட்டேன். நேராத்தான் கேட்டேன் சார், சுத்தி வளைக்கல.

அவ தட்டினா.

எத்தனைன்னு கேக்குறீங்களா? எனக்கு எப்படித் தெரியும்? அன்னிக்குன்னு பாத்து லைன் சரியில்ல. கீழே தண்ணி லாரி வேற. ரெண்டு மாதிரி இருந்துச்சு. ஆனா ஒண்ணு தட்டினாலே போன்ல திருப்பி இன்னொண்ணு கேக்கும், தெரியுமில்ல? எதிரொலி. "என்னம்மா, சரிதானே?"ன்னு மறுபடி கேட்டேன். மறுபடியும் அதே மாதிரிதான் கேட்டுச்சு. கொஞ்சம் பலமா. "லைன் சரியில்லம்மா, வச்சுடுறேன்"னு வச்சுட்டேன்.

உள்ள திரும்பினா கோதை நிக்கிறா. "எத்தனைப்பா?"ன்னா.

நான் வாயே திறக்கல சார். ஒரு விரலைத்தான் காட்டினேன்.

தமயந்தி திரும்பக் கூப்பிட்டா. நான் எடுக்கல. பேச முடியாதவ போன் பண்ணி என்ன சொல்லப் போறா? மறுநாள் "அண்ணே, நேர்ல வாங்க"ன்னு மெசேஜ் போட்டா. போகணும்னுதான் இருந்தேன். வேலை விடல. அந்த வாரமே கோதைக்கு ரெக்கார்டிங் ஆரம்பிச்சாச்சு, நான் பக்கத்துல இருக்க வேணாமா? அத்தையைப் போய்ப் பாக்கணும்னு கோதை துடிச்சா. டாக்டர் யாரும் வரக் கூடாதுன்னிருக்காரு, மெசேஜ்கூடப் போடாதே, பதில் பேசணும்னு ஆசை வந்துடும், தொண்டை கெட்டுடும்னு சொல்லி வச்சேன். தமயந்தி நல்லதுக்குத்தான் அதுவும்.

கோதை பேசினாளே சார், நீங்க கேட்டிருக்கணும். கேட்டுக்கிட்டுத்தானே இருக்கீங்க, பாப்பா போன்ல இப்பப் பேசுறது கோதைதான். ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியல. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. அவளுக்கு ஒரு மோதிரம் வாங்கிப் போட்டேன், கல்லு வச்சது, கொஞ்சம் பெரிசாவே. அதைக் கழட்ட மறந்துட்டு மைக் முன்னாடி போயிடுவா. கை ஸ்டாண்டுல பட்டு ணங்குன்னு ஒரு சத்தம் வரும். லூர்து தலையில கை வச்சுக்குவான். நான் வெளியிலேர்ந்தே "மோதிரம்"னு கத்துவேன். அந்தச் சத்தத்தை எங்க கேட்டாலும் எனக்குத் தெரியும்.

பாப்பா தூங்கிடுச்சா? நல்லது. அணைச்சுடாதீங்க, சத்தத்தை மட்டும் குறைச்சுக்கோங்க.

கடைசி எபிசோடு வந்துச்சு. அதுலதான் முராசே வாயைத் திறக்குறான். பையன் அவனையே பாத்துக் கேக்குறான், "அன்னிக்கு யாரு சுட்டது, முராசே?"ன்னு. இவன் துப்பாக்கி ரெண்டையும் கழட்டிப் பையன் காலடியில வச்சுட்டுச் சொல்லணும். ஒரே வார்த்தை. "நான்தான்." பையன் அழுதுகிட்டே, "இத்தனை நாள் ஏன் சொல்லல?"ம்பான். அவ்வளவுதான் சீன்.

எங்களுக்கெல்லாம் இப்ப தனித்தனியாத்தான் பதிவு. கோதை காலையிலேயே அவ பங்கை முடிச்சுட்டு லூர்து பக்கத்துல உக்காந்திருந்தா. நான் உள்ள, கண்ணாடிக்கு இந்தப் பக்கம். ஹெட்போன்ல அவ குரல் வருது, "அன்னிக்கு யாரு சுட்டது, முராசே?" நான் சொல்லணும்.

வரல சார். குரல் வருது, வார்த்தை உக்காரல. மறுபடி. மறுபடி. லூர்து, "சார், ஒரே வார்த்தைதானே"ங்கிறான். முப்பது வருஷத்துல எனக்கு அப்படி ஆனதே இல்ல. தண்ணி குடிச்சேன். ஃபேனை நிறுத்துங்கன்னேன். ஸ்கிரிப்ட்டு சரியில்ல, முராசே வாய் மூணு தடவை அசையுது, நான்தான்னா ரெண்டு தடவைதான் அசையும், பொருந்தாதுன்னு சொன்னேன். "அழகாப் பொருந்துதே சார்"ங்கிறான் லூர்து. அவனுக்கு என்ன தெரியும்?

அப்பதான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கதவு திறந்துச்சு. தமயந்தி.

கையில ஸ்வீட் பாக்கெட். டாக்டர் பேசலாம்னு சொல்லிட்டாராம். நேரா ஸ்டுடியோவுக்கு வந்துட்டா, அடுத்த வாரத்துலேர்ந்து வேலைக்கு வரேன்னு சொல்ல. எனக்கு ஒரு போன் பண்ணிட்டு வந்திருக்கலாம் இல்ல? கண்ணாடி வழியாப் பாக்குறேன், கோதை எழுந்து ஓடிப் போய்க் கட்டிப் பிடிச்சுக்கிறா. அந்தப் பக்கம் பேசுறது எனக்குக் கேக்காது. திரையில நவோ நிக்கிறான், லூர்து சத்தத்தை ஓட விடுறான். "அன்னிக்கு யாரு சுட்டது, முராசே?" கோதை குரல்ல நவோ. தமயந்தி அப்படியே நின்னுட்டா. கோதையைப் பாத்தா. அப்புறம் என்னைப் பாத்தா.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து எங்ககிட்டப் பேச ஒரு பட்டன் உண்டு. அதை அமுக்கினா. என் ஹெட்போன்ல வந்துச்சு சார், அவ குரல். பழைய குரல், அப்படியே, முழுசா.

"அண்ணே, அந்த வரி நல்லாத்தான் பொருந்துது. சொல்லுங்க."

அத்தனை வாரத்துக்கு அப்புறம் அவ என்கிட்டப் பேசின முதல் வார்த்தை அது. எப்படி இருக்கீங்கன்னு இல்ல. சாப்பிட்டீங்களான்னு இல்ல.

நான் அவளைப் பாத்துக்கிட்டேதான் சொன்னேன். "நானும் இருந்தேன்."

ஒரே டேக். அற்புதமா உக்காந்துச்சு. லூர்து, "சார், அர்த்தம் மாறுதே"ன்னான். "அர்த்தத்தை விடுப்பா, வாயைப் பாரு"ன்னேன். அதுதான் சார் இன்னிக்கும் ஓடுது. ஜப்பான்ல அவன் ஒத்துக்கிட்டான். தமிழ்ல அவன் அங்க இருந்தான், அவ்வளவுதான். பிள்ளைங்க பாக்குறதுதானே, சுட்டவன்னு எதுக்கு? நல்லதுதான் பண்ணினேன். முராசேவை நான் காப்பாத்தினேன்னுதான் சொல்லணும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோதை ஏதோ கேட்டா. உதட்டைப் படிக்கிறதுதானே சார் எங்க பொழைப்பு, எனக்குத் தெரிஞ்சுது. "எத்தனை அத்தை?"ன்னு கேட்டா. தமயந்தி திரும்பிக்கிட்டா. முதுகுதான் தெரிஞ்சுது. அவ என்ன சொன்னான்னு எனக்கு எப்படித் தெரியும்? எதுவுமே சொல்லாமகூட இருந்திருக்கலாம். தமயந்தி கோதையோட தலையில கையை வச்சா, ஸ்வீட் பாக்கெட்டை மேசையில வச்சா, போயிட்டா.

சங்கத்துல ஒரு புகார்கூடக் கொடுக்கல சார். நான் பண்ணினது தப்புன்னா கொடுத்திருப்பா இல்ல? நீங்களே சொல்லுங்க. எல்லாரும் அவ பக்கம்தான் நின்னிருப்பாங்க. ஆனா கொடுக்கல. ரெண்டாவது பாகத்துக்குச் சேனல்காரன் மொத்தமா வேற ஸ்டுடியோவுக்குப் போயிட்டான், நவோவுக்கு யாரோ ஒரு பொண்ணு பேசுறா, கேக்க முடியல. தமயந்தி எங்கயும் வேலை கேக்கல. வீட்டைக் காலி பண்ணிட்டு அண்ணன் ஊருக்கே போயிட்டா. அந்தத் தொண்டையை வச்சுக்கிட்டு, சீர்காழியில உக்காந்திருக்கா. எனக்கு எவ்வளவு வருத்தம் தெரியுமா. நாலு இடத்துல அவளுக்காகப் பேசியிருப்பேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல அவ.

கோதை வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா சமாளிச்சிருப்பேன். துணியை எடுத்துப் பையில வச்சுக்கிட்டே ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "அப்பா, அன்னிக்கு எத்தனை?"

நான் மறுபடியும் ஒரு விரலைக் காட்டினேன். மனுஷனுக்கு ஒரே பேச்சுதானே சார் இருக்கணும்.

போயிட்டா. அவ அத்தைகிட்டதான் போயிட்டா. மைக்கையே தொடுறதில்லையாம், அங்க ஒரு ஸ்கூல்ல சின்னப் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்குறாளாம். என் போனை எடுக்குறதில்ல. ஒரு வருஷம் ஆகப் போகுது. வீட்டுல சத்தமே இல்ல சார். அந்த வீட்டுல நானே பேசினாத்தான் உண்டு. சில நாள் டிவியில நவோ போடுறான், கோதை குரல் வரும், கூட என் குரல் வரும். உக்காந்து கேட்டுக்கிட்டே இருப்பேன். எனக்கு அவ இல்லாம முடியல. அதை மறைக்கிறதுக்கு என்ன இருக்கு.

நேத்து தமயந்தி நம்பருக்கே போட்டேன். எடுத்துட்டாங்க. ஆனா பேசல. எனக்கு மூச்சு கேக்குது. ரெண்டு மூச்சு. பக்கத்துல பக்கத்துல ரெண்டு பேர் இருக்காங்க. நான் சொன்னேன், "தமயந்தி, நீ இப்ப நல்லாப் பேசுறேன்னு எல்லாரும் சொன்னாங்க. என்மேல கோபம்னா திட்டு. கோதையை மட்டும் அனுப்பி வை. கோதை, நீ அங்கதான் இருக்கேன்னு தெரியும். அப்பா வந்து கூப்பிட்டா வருவியாம்மா?"ன்னு கேட்டேன்.

ஃபேன் ஓடுற சத்தம். வெளியில எங்கயோ காய்காரன் கூவுறான். லைன் அவ்வளவு சுத்தம். அப்புறம் தட்டினாங்க.

இப்படி. இந்தக் கம்பியில தட்டிக் காட்டுறேன், பாருங்க. கேட்டுச்சா? எத்தனை?

ரெண்டா. நீங்க பக்கத்துல உக்காந்திருக்கீங்க, உங்களுக்குக் கேக்கும். போன்ல அப்படி இல்ல சார். பேச வாய் இருக்குறவங்க எதுக்குத் தட்டணும்? அதான் எனக்குப் புரியல. ரெண்டு பேருக்குமே குரல் இருக்கு, என்ன மாதிரிக் குரல், ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் இல்ல?

ஆனா ஒண்ணு சொல்றேன். அது தமயந்தி விரல் இல்ல. தமயந்தி மோதிரம் போட மாட்டா. ணங்குன்னு ஒரு சத்தம் கூடவே வந்துச்சு. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்னு சொன்னேன் இல்ல? இன்னும் கழட்டலை பாத்தீங்களா. வெறுத்துப் போயிருந்தா முதல்ல அதைத்தானே கழட்டி எறிஞ்சிருப்பா. எனக்கு அது போதும்.

சிதம்பரம் வந்துடுச்சு. பாப்பாவை மெதுவாத் தூக்குங்க, தலை இடிச்சுக்கப் போகுது. பை நான் எடுத்துத் தரேன், பிடிங்க.

என்ன சார், அப்படிப் பாக்குறீங்க? நான் தினமும் எவ்வளவு சத்தம் கேக்குறவன். அது ஒரு தட்டுதான்னு வச்சுக்கிட்டுத்தான் பஸ் ஏறியிருக்கேன்.